தம்மையே ஐயுற்ற அறிஞர்

மைக்கேல் பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டன் மாநகரை அடுத்த நியூயிங்டனில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். அவர்தம் பள்ளிக் கல்வி எண்ணும் எழுத்தும் என்ற அளவோடு நின்றது. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் தொழில் பயிலச் சென்றவர், கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலில் நாட்டம் கொண்டார். 1812இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுத் தாம் எழுதிய குறிப்புகளை நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளரானார். 1831இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இன்றைய மின்னாக்கிகளுக்கு அடிப்படை.

பாரடே ஆழ்ந்த சமயப் பற்றுடையவர். சாண்டிமேனியர் என்னும் சிறிய கிறித்தவச் சபையில் மூப்பராகவும் இருந்தார். ஆயினும் சமய நம்பிக்கையைக் கொண்டு ஆய்வின் முடிவைத் தீர்மானிக்கவில்லை; ஆய்வைக் கொண்டு சமயத்தை மெய்ப்பிக்கவும் முனையவில்லை.

1853இல் இங்கிலாந்தில் ஒரு வியப்பு பரவியது. பலர் கூடிக் கைவைத்து அமர்ந்தால் மேசை தானே நகர்கிறது என்றனர். ஆவிகளின் செயல் என்றனர் சிலர். மின்னாற்றல் என்றனர் வேறு சிலர். பாரடே எவரையும் எள்ளாமல் சோதித்துப் பார்த்தார். கைகளுக்கும் மேசைக்கும் இடையே அட்டைகளை மென்பசை உருண்டைகளால் ஒட்டி அடுக்கினார். மேலுள்ள அட்டைகளே முந்தி நகர்ந்திருந்தன. கையின் தள்ளலைக் காட்டும் முள்ளொன்றை அமர்ந்தோர் காணுமாறு வைத்தபோது மேசை அசையவே இல்லை. நேர்மையாளரும் தம்மை அறியாமலே தள்ளியிருந்தனர்! விரும்புவதையே மெய்யென ஏற்கும் மனத்தைக் கட்டுப்படுத்துவதே கல்வியில் முதன்மையானது என்று அடுத்த ஆண்டு ஆற்றிய உரையில் வலியுறுத்தினார்.

அவ்வளவுகோலைத் தமக்கும் வைத்தார். ஈர்ப்பு விசைக்கும் மின்னாற்றலுக்கும் தொடர்புண்டு என்பது அவர் உறுதியாகக் கொண்டிருந்த நம்பிக்கை. அதனை நிறுவ 1849 முதல் பல சோதனைகள் செய்தும் பயன் கிட்டவில்லை. அத்தோல்வியை மறையாது வெளியிட்டார். நம்பிக்கை தளராதபோதும், அதற்குச் சான்று கிட்டவில்லை என்பதை ஒப்புக்கொண்டார்.

ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோதும் ஏற்காதவர், 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் மறைந்தார். பிறர் கூற்றை ஐயுறுதல் எளிது. தம் விருப்பத்தை ஐயுறுதல் அரிது. ஒருவர் காண்பது உண்மையின் ஒரு கூறே என்னும் அநேகாந்த நெறியில் வளர்ந்த நமக்கு இவ்வாழ்வு அயலானதன்று.