நீர்மின்வலுவின் தந்தை டி. ஜே. விமலசுரேந்திர (1874 – 1953)

மாணவர்களே, மன்னார்த் தீவின் தென் கரையோரமாகச் செல்லும் எவரும் வரிசையாக நிற்கும் உயர்ந்த காற்றாலைகளைக் காண்பர். 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பூங்காவின் 30 காற்றாலைகள் அவை. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 103.5 மெகாவாற்று ஆகும். எரிபொருளை வெளிநாட்டிலிருந்து வாங்காமல், நாட்டிலுள்ள இயற்கை வளத்தைக் கொண்டே மின்சாரம் பெறலாம் என்ற கருத்து இலங்கைக்குப் புதியதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அதற்காக உழைத்தவர் டி. ஜே. விமலசுரேந்திர ஆவார். பொறியியலாளரான அவர் ஏன் சட்டசபைக்குச் சென்றார் என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

பிறப்பும் கல்வியும்

விமலசுரேந்திர 1874 செப்ரெம்பர் 17 ஆம் திகதி காலியில் பிறந்தார். இவரது தந்தையார் கைவினையில் தேர்ச்சி பெற்ற ஒரு முதலியார். கொழும்பு ஆனந்தா கல்லூரியில் கற்ற இவர், பின்னர் பொறியியல் பயின்று அரசாங்கத்தின் பொதுவேலைத் திணைக்களத்தில் சேர்ந்தார். உயர் பதவிகளில் ஆங்கிலேயரே அமர்ந்திருந்த காலம் அது. ஒரு சுதேசிப் பொறியியலாளரின் யோசனை எளிதில் ஏற்கப்படுவதில்லை. எனினும் அவர் மனந்தளராது இங்கிலாந்து சென்று மின்பொறியியலிலும் தகைமை பெற்றார்.

மலைநாட்டில் கண்ட வளம்

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், களனி கங்கையின் மேற்பகுதியில் தங்கம் உண்டா என ஆராயும் பணி இவருக்கு வழங்கப்பட்டது. அங்கு மஸ்கெலிய ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியன உயரத்திலிருந்து விழுவதை அவர் அவதானித்தார். விழும் நீரின் உயரமும் ஒரு வினாடியில் பாயும் நீரின் அளவும் கூடும்போது பெறக்கூடிய வலுவும் கூடும். தங்கம் தேடச் சென்ற இடத்தில் அதைவிடப் பெரிய செல்வத்தை அவர் கண்டார் எனலாம்.

நுவரெலியா நகருக்கு மின்சாரம் வழங்குவதற்காகப் பிளக்பூல் என்னுமிடத்தில் அமைக்கப்பட்ட சிறிய நீர்மின் நிலையம் இவரது முயற்சியின் பயனாகும். 1918 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்திற்கு ஓர் ஆய்வுக் கட்டுரையைச் சமர்ப்பித்து, நாட்டின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து பெருமளவு மின்சாரம் பெற முடியும் என்பதைக் கணக்குகளுடன் விளக்கினார்.

தடைப்பட்ட திட்டம்

லக்சபான நீர்மின் திட்டத்தின் வேலைகள் 1924 இல் ஆரம்பமாயின. ஆனால் சில ஆண்டுகளிலேயே அவை நிறுத்தப்பட்டன. இதற்கு நிதிப் பற்றாக்குறை காரணமாகக் காட்டப்பட்டது.

இங்கு ஒரு பொருளியல் உண்மையை மாணவர் விளங்கிக்கொள்ள வேண்டும். எரிபொருளால் இயங்கும் மின் நிலையத்தை அமைக்கும் செலவு ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் எரிபொருளுக்காக ஒவ்வோர் ஆண்டும் வெளிநாட்டுக்குப் பணம் செலுத்த வேண்டும். நீர்மின் நிலையத்தில் நிலைமை இதற்கு மாறானது. அணை, சுரங்கவழி, குழாய்கள் என்பவற்றுக்குப் பெருந்தொகையை முதலிலேயே செலவிட வேண்டும். அதன் பின்னர் நீர் இலவசமாகக் கிடைக்கும். ஆகவே முதலீட்டுப் பணத்தை ஒதுக்குவது யார் என்பதே முக்கிய வினா. அந்த அதிகாரம் பொறியியலாளரிடம் இருக்கவில்லை.

அரசாங்க சபையில்

1931 இல் டொனமூர் அரசியல் யாப்பு நடைமுறைக்கு வந்தது. 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அரசாங்க சபைக்கு 50 தேர்தல் தொகுதிகள் வகுக்கப்பட்டன. மன்னார் – முல்லைத்தீவு என்பதும் அவற்றுள் ஒன்று. அரசாங்க சேவையிலிருந்து ஓய்வுபெற்றிருந்த விமலசுரேந்திர இரத்தினபுரித் தொகுதியில் போட்டியிட்டு வெற்றி பெற்றார்.

சபையில் ஏழு நிர்வாகக் குழுக்கள் இயங்கின. வரவு செலவு மதிப்பீடுகளுக்குச் சபையின் வாக்கு அவசியமாயிற்று. எனினும் நிதி விடயம் வாக்குரிமையற்ற நிதிச் செயலாளரின் பொறுப்பில் இருந்ததுடன், தேசாதிபதிக்கும் விசேட அதிகாரங்கள் இருந்தன. இந்த வரையறைகளுக்குள் நின்று, நிறுத்தப்பட்ட லக்சபான திட்டத்தை மீண்டும் தொடங்க வேண்டுமென விமலசுரேந்திர வாதாடினார். அச்சபை 1935 இல் கலைக்கப்பட்டது.

கனவு நனவாதல்

திட்ட வேலைகள் 1938 இல் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரினால் தாமதமேற்பட்டு, 1950 இல் லக்சபான நிலையம் 25 மெகாவாற்றுக் கொள்ளளவுடன் இயங்கத் தொடங்கியது. கட்டுரை சமர்ப்பித்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. தமது திட்டம் நிறைவேறியதைக் கண்ட பின்னர், 1953 ஓகஸ்ட் 10 ஆம் திகதி அவர் காலமானார். நோர்ட்டன் பிரிட்ஜில் 1965 இல் இயங்கத் தொடங்கிய மின் நிலையத்திற்கு அவரது பெயரே சூட்டப்பட்டது. அவர் சுட்டிக்காட்டிய இரு ஆறுகளிலும் பின்னர் பல மின் நிலையங்கள் எழுந்தன.

இந்த ஆக்கத்திற்கும் ஒரு விலை இருந்தது. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. நாட்டுக்கு நன்மை தரும் திட்டத்தினால் ஓர் ஊர் இழப்பைச் சந்திக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

மன்னாரும் இன்றைய படிப்பினையும்

மன்னாரில் உள்நாட்டுச் சக்தி தேடும் முயற்சி 1970களிலேயே தொடங்கிவிட்டது. அக்காலத்தில் பேசாலையில் எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்பட்டபோதும் பயன் கிட்டவில்லை. 2011 இல் மன்னார்க் கடற்படுகையில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அது வெளியே எடுக்கப்படவில்லை. சோளகக் காற்றின் பலமோ காற்றாலைகளுக்கு உகந்ததாக அமைந்தது.

எரிபொருள் இறக்குமதியில் தங்கியிருப்பதன் ஆபத்து 2022 இல் வெளிப்பட்டது. அந்நியச் செலாவணி இல்லாமையால் மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் துண்டிக்கப்பட்டது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் உயர்ந்தது.

2022 யூன் 9 ஆம் திகதி இலங்கை மின்சாரத் (திருத்தச்) சட்டமூலம் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. 120 பேர் ஆதரவாகவும் 36 பேர் எதிராகவும் வாக்களித்தனர். போட்டி விலைமனு கோராமலே மின் உற்பத்தித் திட்டங்களை வழங்க இத்திருத்தம் இடமளித்தது. திட்டங்கள் விரைவுபெறும் என ஒரு சாராரும், விலை கூடும், வெளிப்படைத்தன்மை குறையும் என மறு சாராரும் வாதிட்டனர். மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலைகள் அமைக்கவிருந்த இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டில், வெள்ளநீர் வடிந்தோடுதல், மீன்பிடி, வலசை வரும் பறவைகள் என்பன பாதிக்கப்படும் எனக் கூறி மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளை எதிர்த்துப் போராடினர்.

வளம் இருப்பது மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தும் முறை, செலவு, அவ்விடத்து மக்களின் நலன் என்பவற்றை மக்கள் பிரதிநிதிகள் ஆராய்ந்து வாக்களிக்க வேண்டும். கணக்குத் தெரிந்தவர் சபையில் இருந்தால் மட்டும் போதாது. அக்கணக்கை விளங்கி வினவக்கூடிய வாக்காளரும் வேண்டும். 32 ஆண்டுத் தாமதம் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவேயாகும்.

நினைவிற் கொள்க

1918 – ஆய்வுக் கட்டுரை சமர்ப்பித்தல்
1924 – லக்சபான வேலைகள் ஆரம்பம்
1931 – அரசாங்க சபைக்குத் தெரிவாதல்
1938 – வேலைகள் மீண்டும் ஆரம்பம்
1950 – லக்சபான நிலையம் இயங்குதல்

பயிற்சி வினாக்கள்

1. விமலசுரேந்திர அவதானித்த இரு ஆறுகளையும் பெயரிடுக.
2. நீர்மின் நிலையத்தினதும் எரிபொருள் மின் நிலையத்தினதும் செலவு முறையை ஒப்பிடுக.
3. லக்சபான திட்டம் தாமதமடைந்தமைக்கான இரண்டு காரணங்களைத் தருக.
4. உமது பிரதேசத்தில் ஒரு மின் உற்பத்தித் திட்டம் முன்மொழியப்பட்டால், உமது பாராளுமன்ற உறுப்பினரிடம் நீர் வினவ வேண்டிய மூன்று வினாக்களை எழுதிக் காரணங் காட்டுக.