ழாக் லெகோக்: பேச்சை நிறுத்தி உடலைப் பழக்கிய ஆசிரியர்

பாரிஸ் லாச்சப்பலில் மரக்கறி வாங்கப் போகிறவர்களுக்கு போபூர் சான் தெனி வீதியைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீதியின் மேல்முனையில் எங்கள் கடைகள் இருக்கின்றன. அதே வீதியால் தெற்கே, கார் து நோர் புகையிரத நிலையத்தைக் கடந்து இருபது நிமிடம் நடந்தால் 57 ஆம் இலக்கக் கட்டடம் வரும். ஒரு காலத்தில் குத்துச்சண்டைப் போட்டிகள் நடந்த மண்டபம் அது. 1976 இல் அதற்குள் ஒரு நாடகப் பள்ளி குடிவந்தது. எண்பதுகளில் எம்மவர்கள் மேல்முனையில் கடை போடத் தொடங்கியபோது, கீழ்முனையில் ழாக் லெகோக் என்ற மனிதர் பல நாடுகளிலிருந்து வந்த இளைஞர்களுக்கு நடக்கவும் நிற்கவும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே வீதிதான், ஆனால் இரண்டு முனைகளுக்கும் போக்குவரத்து இருந்ததாகத் தெரியவில்லை.

பல்கலைக்கழகப் படிப்பை முடித்த பிள்ளை, உடல்வழி அரங்கு படிக்க இன்னொரு நாட்டுக்குப் போகப்போகிறேன் என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். நாட்டை விட்டு வந்து, இரண்டு வேலை மூன்று வேலை செய்து படிக்கவைத்தது கோமாளி வேடம் போடவா என்ற கேள்வி வரும். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்தப் படிப்பு என்ன, அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு கேட்டால் இன்னும் நல்லது. இன்று பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதுகலைப் படிப்பாகச் சொல்லிக்கொடுக்கப்படும் உடல்வழி அரங்கின் பெரும்பகுதி லெகோக்கின் வகுப்பறையிலிருந்து கிளைத்தது.

லெகோக் 1921 டிசெம்பர் 15 இல் பாரிசில் பிறந்தார். நாடகக்காரர் குடும்பத்துப் பிள்ளையாகவோ கவிதை எழுதித் திரிந்தவராகவோ அவர் அரங்குக்கு வரவில்லை. விளையாட்டு மைதானத்திலிருந்து வந்தார். பதினேழு வயதில் உடற்பயிற்சிக் கூடத்தில் தொங்கி ஆடும்போதுதான், உடல் வெளியில் போடும் கோடுகளை அவர் கவனிக்கத் தொடங்கினார். உயரம் பாய்கிறவன் தரையை விட்டு எழும்பும் அந்தக் கணத்தில் ஒரு கவிதை இருப்பதாக அவருக்குப் பட்டது. பிறகு உடற்கல்வி ஆசிரியராகப் பயின்றார். 1941 இல், பாரிஸ் ஜேர்மன் படைகளின் பிடியில் இருந்த நாட்களில், ழான் மரி கொந்தி என்ற கூடைப்பந்தாட்ட வீரரைச் சந்தித்தார். கொந்தி விளையாட்டுக்காரர். அதேவேளை அந்தோனன் ஆர்த்தோ, ழான் லூயி பாரோ போன்ற அரங்கக்காரர்களின் நண்பர். விளையாட்டுக்கும் நாடகத்துக்கும் நடுவில் கதவு ஒன்று இருப்பதை இளைஞன் லெகோக்குக்குக் காட்டியவர் அவர்தான்.

போர் முடிந்த 1945 இல் லெகோக், ழான் தாஸ்தேயின் நாடகக் குழுவில் சேர கிரெனோபிள் நகரத்துக்குப் போனார். தாஸ்தே, பிரெஞ்சு அரங்கைத் திருத்தி அமைத்த ழாக் கோப்போவின் மருமகன். அந்தக் குழுவில் முகமூடி போட்டு நடிக்கும் பழக்கம் இருந்தது. லெகோக் முகமூடியைக் கையில் எடுத்தது அங்கேதான்.

அவருடைய வாழ்க்கையை உண்மையில் மாற்றியது இத்தாலி. 1948 இல் மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று போனவர் எட்டு வருடம் அங்கேயே தங்கிவிட்டார். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிப் போய் வருடக்கணக்கில் தங்கிப்போவது எங்களுக்குப் புதிய கதையல்ல. ஆனால் அவரை யாரும் துரத்தவில்லை, திரும்பிப் போகும் வழியும் திறந்தே இருந்தது. அந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது.

பதுவா நகரத்தின் பல்கலைக்கழக அரங்கில் ஜியான்பிராங்கோ டி போசியோவுடன் அவர் வேலை செய்தார். அங்கே அம்லேத்தோ சார்தோரி என்ற சிற்பி இருந்தார். தோலில் முகமூடி செய்யும் பழைய இத்தாலியக் கலை வழக்கொழிந்து போயிருந்த காலம். சார்தோரி அதைத் தேடிப் பிடித்து மீண்டும் கைக்குக் கொண்டுவந்தார். லெகோக்கும் சார்தோரியும் சேர்ந்து உருவாக்கியதுதான் நடுநிலை முகமூடி. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, கோபமும் இல்லை, அமைதியாக இருக்கும் ஒரு தோல் முகம். 1951 இல் மிலான் நகரத்துக்குப் போய், ஜோர்ஜியோ ஸ்ட்ரேலரும் பாவ்லோ கிராசியும் நடத்திய பிக்கொலோ அரங்கின் நாடகப் பள்ளியை உருவாக்க உதவினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டாரியோ ஃபோவின் தொடக்ககால மேடையிலும் அவருடைய அசைவமைப்பு இருந்தது. சிசிலியின் சிரக்கூசா நகரத்தில், திறந்தவெளிக் கிரேக்க அரங்கில், துன்பியல் நாடகங்களின் கோரசுக்கு அசைவு அமைத்தார்.

1956 இல் பாரிசுக்குத் திரும்பினார். வரும்போது சார்தோரி கொடுத்த தோல் முகமூடிகளைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு டிசெம்பர் 5 ஆம் திகதி தன் பள்ளியைத் தொடங்கினார். முதல் இருபது வருடங்கள் பள்ளி இடம் விட்டு இடம் மாறிக்கொண்டிருந்தது. வாடகைக்கு மண்டபம் எடுத்து தமிழ்ப் பாடசாலை நடத்தியவர்களுக்கு அந்தப் பாடு புரியும். நிர்வாகத்தைப் பிரித்தானியாவிலிருந்து வந்த அவருடைய மனைவி ஃபே தாங்கினார். மாணவர்களும் பெரும்பாலும் வெளிநாட்டவர்களே. பல மொழி பேசுகிறவர்கள் ஒரே அறைக்குள் வந்து நின்றால் எந்த மொழியில் தொடங்குவது? லெகோக் மௌனத்தில் தொடங்கினார். சொல்லுக்கு முன்னால் உடலில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே முதல் பாடம். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவருக்கும் அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் அங்கே ஒரே நிலைதான்.

வந்த நாட்டின் மொழி பிடிபடாத முதல் வருடங்களில், கையாலும் கண்ணாலும் பேசி வேலை தேடியவர்கள் எங்களில் எத்தனை பேர்! நாங்கள் வெட்கத்தோடு செய்ததை லெகோக் பாடமாக வைத்தார். எங்களுக்கு அது தவிர்க்கமுடியாத நிலை, அவருடைய மாணவர்களுக்கு அது அவர்கள் விரும்பி ஏற்ற பயிற்சி.

நடுநிலை முகமூடியோடு அவர் கொடுத்த பயிற்சிகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். அதன் பெயர் பிரியாவிடை. நெருங்கிய நண்பர் ஒருவர் கப்பலேறி உலகத்தின் மறுபக்கத்துக்குப் போகிறார், இனி அவரைப் பார்க்கவே முடியாது என்று மாணவர் நினைத்துக்கொள்ளவேண்டும். கடைசி நிமிடத்தில் இறங்குதுறையின் நுனிவரை ஓடிப்போய்க் கையசைக்கவேண்டும். அவ்வளவுதான். முகமூடிக்குள் முகம் மறைந்திருப்பதால் அழுதாலும் யாருக்கும் தெரியாது. தோளும் முதுகும் கையும்தான் எல்லாவற்றையும் சொல்லவேண்டும்.

இந்தப் பயிற்சியில் லெகோக் கண்டிப்பாக நின்ற இடம் ஒன்று உண்டு. மாணவர் தன் சொந்தப் பிரிவை அங்கே கொண்டுவந்து கொட்டக்கூடாது. எல்லா மனிதருக்கும் பொதுவான பிரிவின் அசைவு எது என்று தேடவேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளை அந்த அறையில் நிற்பதாக எண்ணிப் பாருங்கள். கட்டுநாயக்காவில் அம்மம்மாவை விட்டுவிட்டு வந்த கதை அந்தப் பிள்ளையின் இரத்தத்தில் இருக்கிறது. அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வா என்று ஒரு பிரெஞ்சு ஆசிரியர் சொல்வது நியாயமா? அரங்கியல் ஆய்வாளர்கள் பலரும் வேறு விதத்தில் இதைக் கேட்டிருக்கிறார்கள். நடுநிலையான உடல் என்றால் யாருடைய உடல்? எந்த நாட்டவரின் நடை?

இந்தச் சந்தேகம் சரியானது என்றே நினைக்கிறேன். முழுமையான நடுநிலை என்று ஒன்று கிடையாது என்பதை லெகோக்கும் ஏற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த முகமூடி ஒரு தராசுத் தட்டு மாதிரி. அதைப் போட்டுக் கழற்றிய பிறகுதான் ஒருவர் தன் உடலில் எது பழக்கத்தால் வந்தது, எது பயத்தால் வந்தது, எது ஊரிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கமுடியும். எங்கள் துயரத்தை எங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தால் எங்களுக்கு மட்டுமே கேட்கும். இறங்குதுறையில் நிற்கும் உடலைப் பார்த்து அதை ஒரு சிலி நாட்டுக்காரியும் ஒரு யப்பானியனும் புரிந்துகொள்ளவேண்டுமானால், அந்த அசைவைத் தேடத்தான் வேண்டும். அதற்காகக் கதையைக் கொஞ்ச நேரம் வாசலில் வைப்பதில் தவறில்லை. திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் திரும்பி எடுக்கும் இடமும் அவருடைய பாடத்திட்டத்தில் இருந்தது. இரண்டு வருடப் படிப்பு. முதல் வருடத்தில் முகமூடி, நெருப்பு, தண்ணீர், காற்று, மரம், விலங்கு என்று உலகத்தை உடலால் படிப்பார்கள். இரண்டாம் வருடத்துக்கு எல்லோரையும் எடுப்பதில்லை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே போவார்கள். பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். அந்த வருடத்தில் துன்பியல், முகமூடி நகைச்சுவை எல்லாம் முடிந்து கடைசியாக வருவது கோமாளி.

கோமாளியை லெகோக் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார். அறுபதுகளில் ஒரு நாள் மாணவர்களை ஒவ்வொருவராக முன்னால் வந்து சிரிக்கவைக்கும்படி கேட்டார். குட்டிக்கரணம் அடித்தார்கள், பகிடி விட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. தோற்றுப்போய், முகம் கறுத்து, தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். கெட்டித்தனத்தில் இல்லாத சிரிப்பு தோல்வியில் இருந்தது. அதன் பிறகு சிவப்பு மூக்கு அவருடைய பள்ளியில் மிகச் சிறிய முகமூடியாக இடம்பிடித்தது. நடுநிலை முகமூடியில் தன்னை மறைத்துத் தொடங்கிய மாணவர், முடிவில் தன் பலவீனத்தை எல்லோருக்கும் முன்னால் காட்டி நிற்பார். எங்கள் பிள்ளைகளுக்குக் கெட்டித்தனத்தை மட்டுமே சொல்லிக்கொடுத்து வளர்த்தவர்கள் நாங்கள். கோமாளி வேடமா என்று கேட்பதற்கு முன் இதையும் யோசிக்கலாம்.

எங்கள் அண்ணாவியார் ஆடிக்காட்டுவார், நாங்கள் பார்த்து ஆடுவோம். லெகோக் ஆடிக்காட்டிப் பழக்கவில்லை. மாணவர்கள் செய்வார்கள், எது சரிவரவில்லை என்று அவர் சொல்வார், மறுபடி செய்வார்கள். 1968 மே மாதம் பாரிஸ் மாணவர்கள் வீதிக்கு இறங்கியபோது அவருடைய பள்ளியும் கலங்கியது. தங்களுக்கும் பொறுப்பு வேண்டும் என்றார்கள் மாணவர்கள். அவர் விட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம் ஆசிரியர் இல்லாமல் குழுவாக வேலை செய்து, வார முடிவில் எல்லோருக்கும் முன்னால் காட்டும் வழக்கம் வந்தது. நாடகத்தை ஆக்குவதோடு, பிற நாட்டவரோடு சண்டைபிடித்துச் சமாதானமாவதையும் மாணவர்கள் அங்கேதான் பழகினார்கள் என்று சொல்லலாம்.

அவரிடம் படித்தவர்கள் ஒருவரைப் போல ஒருவர் இல்லை. ஓஸ்கார் விருது பெற்ற அவுஸ்திரேலிய நடிகர் ஜெப்ரி ரஷ், பிரித்தானியாவின் ஸ்டீவன் பேர்கொவ், கொம்பிளிசிற்றே குழுவைத் தொடங்கிய சைமன் மக்பேர்னி, தென்னாபிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் என்று பட்டியல் நீளும். ஒரே வகுப்பறையிலிருந்து ஓவியரும் வந்திருக்கிறார் என்பது கவனிக்கவேண்டியது. கட்டடக்கலை மாணவர்களுக்கும் லெகோக் பல வருடங்கள் அசைவைப் பற்றிப் பாடம் எடுத்தார். 1997 இல் தன் கற்பித்தல் முறையைப் புத்தகமாக்கினார். 1999 ஜனவரி 19 இல், 77 வயதில், பாரிசில் காலமானார்.

அவரிடம் படித்த இன்னொருவர் அரியான் முனூஷ்கின். பாரிசின் வன்சென் காட்டோரம் பழைய வெடிமருந்துத் தொழிற்சாலையில் இயங்கும் சூரிய அரங்கை நடத்துபவர். 2016 இல் அவருடைய குழு இந்தியாவைப் பின்னணியாகக் கொண்ட நாடகம் ஒன்றை மேடையேற்றியது. அதில் பல நாட்டு நடிகர்கள் கட்டை கட்டி, கிரீடம் வைத்து, தமிழில் பாடித் தெருக்கூத்து ஆடினார்கள். அவர்களுக்கு அதைப் பழக்கியவர் தமிழ்நாட்டுப் புரிசைக் கிராமத்தின் கண்ணப்ப சம்பந்தன்.