இருப்பிடம் சொல்லப் பயந்த சிறுவன்

கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடம். ஏறக்குறைய 400 பிள்ளைகள் படித்தார்கள். அவர்களில் ஒரு சிறுவன் மட்டும் யாரோடும் சேரமாட்டான்.

மணி அடிக்கும் வரை வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவான். வகுப்பு முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் எட்டிப் பிடிக்க முடியாதபடி வீட்டுக்கு விரைந்து நடந்துவிடுவான்.

ஏன் இப்படி? கூட வரும் பையன்கள், வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிடுவார்களே! வீடு சேரியில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பயம்தான்.

அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் லண்டன் மாநகரில் அரசர் முன் நின்று தம் மக்களின் துயரத்தை எடுத்துச் சொன்ன இரட்டைமலை சீனிவாசன்.

சுவர் சொந்தம், மண் சொந்தமில்லை

சீனிவாசன் 1859-ம் ஆண்டு செங்கற்பட்டு ஜில்லா கோழியாளம் கிராமத்தில் பிறந்தார். ஏரிப் பாசனமும் நெல் வயலும் நிறைந்த ஜில்லா அது. கிழக்கே மாமல்லபுரம் கடற்கரை. ஜில்லாவின் ஊடே பாலாறு.

அந்த வயல்களில் நாற்று நட்டு, களை பறித்து, அறுவடை செய்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? ஊருக்கு வெளியே, சேரியில். மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பினார்கள். பனை ஓலையால் கூரை வேய்ந்தார்கள். சுவர் அவர்கள் கையால் எழுப்பியது. ஆனால் சுவர் நின்ற மண்? அது மிராசுதாரின் மண்!

கூலி கூடக் கேட்டால் மனையைக் காலி செய்ய வேண்டும். வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனாலும் காலி செய்ய வேண்டும். நிற்க ஒரு குழி மண் சொந்தமாக இல்லாதவன் எப்படி எதிர்த்துப் பேசுவான்?

இரண்டு பேர், ஒரே ஆண்டு

படிப்பு முடிந்ததும் சீனிவாசன் நீலகிரிக்குப் போனார். அங்கே வெள்ளைக்காரர் கம்பெனியில் கணக்கு வேலை. சுமார் 10 ஆண்டுகள் அந்த வேலை பார்த்தார். 1890-ல் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டே, 1891-ல், பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார்.

அதே 1891-ல் செங்கற்பட்டில் இன்னொரு மனிதர் பேனாவை எடுத்தார். அவர் ஜில்லா கலெக்டர் திரமென்ஹீர். சேரி மக்களின் நிலையை நேரில் கண்டறிந்து சர்க்காருக்கு நீண்ட அறிக்கை ஒன்று அனுப்பினார். இவர்களுக்கு உழ நிலம் வேண்டும், குடியிருக்கும் மனையிலும் உரிமை வேண்டும் என்று வற்புறுத்தினார்.

1892-ல் சர்க்கார் உத்தரவு வந்தது. புறம்போக்கு நிலங்களை இம்மக்களுக்கு ஒதுக்க வழி பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசுகிறோமே, அதன் தொடக்கம் அதுதான். ஆனால் மிராசுதார் மண்ணில் இருந்த மனைகளின் சிக்கல் தீரவில்லை. அதற்கு இன்னும் ஏறக்குறைய 30 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பத்து ரூபாய்ப் பத்திரிகை

சீனிவாசனும் சும்மா இருக்கவில்லை. 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். கையில் இருந்தது சொற்ப முதல். முதல் இதழுக்குச் செலவு சுமார் 10 ரூபாய்தான். இரண்டே நாளில் ஏறக்குறைய 400 பிரதிகள் விற்றுப்போயின!

பத்திரிகைக்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. பள்ளியில் எதை மறைக்க ஓடினாரோ, அதையே முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டார். ஒளிந்துகொள்கிறவனுக்கு உரிமை கிடைக்காது என்பதை அவர் உணர்ந்துவிட்டார்.

1900-ல் லண்டன் போகக் கப்பல் ஏறினார். ஆனால் வழியில் தென் ஆப்பிரிக்காவிலேயே தங்கும்படி ஆயிற்று. அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம். சுமார் 20 ஆண்டுகள் கழித்தே தாய்நாடு திரும்பினார்.

தவணையில் ஒரு மனை

அதற்குள் இங்கே ஒரு மாறுதல் ஏற்பட்டிருந்தது. 1920-ல் சென்னை சர்க்கார் லேபர் கமிஷனர் என்ற உத்தியோகத்தை ஏற்படுத்தியது. ஏழைகளுக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுப்பது அந்த இலாகாவின் வேலைகளில் ஒன்று.

அது எப்படி நடந்தது? முதலில் சர்க்கார் நிலத்தைக் கையகப்படுத்தும். நிலச் சொந்தக்காரருக்கு விலை கொடுக்கும். பிறகு அதை மனைகளாகப் பிரிக்கும். மனை வேண்டிய குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைக்கும். சங்கத்துக்குச் சர்க்கார் கடன் கொடுக்கும். அந்தக் கடனை ஒவ்வொரு குடும்பமும் சிறு சிறு தவணையாக அடைக்கும்.

ஒரே நாளில் மொத்தப் பணமும் கட்ட எந்தக் கூலிக்காரனால் முடியும்? தவணை என்றதும் முடிந்தது! இனி எந்த எஜமானும் அவனைப் பார்த்து வீட்டைக் காலி செய் என்று சொல்ல முடியாது. நாளடைவில் இப்படிப் பல புதுக் குடியிருப்புகள் எழுந்தன.

வீடு இருந்தால் போதுமா?

1923-ல் சீனிவாசன் சென்னைச் சட்டசபை அங்கத்தினரானார். மனை கிடைத்தாலும் மற்றொரு கஷ்டம் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பி ஊர்த் தெருவில் நடக்க முடியாது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. வழியும் தண்ணீரும் இல்லாத வீட்டில் எப்படிக் குடியிருப்பது?

1924-ல் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவில் யாரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அலுவலகம் எல்லாவற்றுக்கும் யாரும் போகலாம். இதை அரசாங்கம் எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. சபை அதை ஏற்றது. 1925-ல் அரசாங்கக் கெஜட்டிலும் வெளிவந்தது.

1930-லும் 1931-லும் லண்டனில் நடந்த வட்டமேஜை மகாநாடுகளுக்கு டாக்டர் அம்பேத்கார் போனார். சீனிவாசனும் உடன் போனார். அங்கே ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவரிடம் தீண்டாமை என்றால் என்ன என்று கேட்டாராம். தெருவில் விழுந்து கிடந்தாலும் எங்களைத் தொட்டுத் தூக்கமாட்டார்கள் என்ற பொருள்படச் சீனிவாசன் விளக்கினார். மன்னர் திடுக்கிட்டார். இதைச் சீனிவாசனே 1939-ல் வெளியிட்ட தமது வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

1936-ல் அவருக்குத் திவான் பகதூர் பட்டம் கிடைத்தது. 1945 செப்டம்பர் 18-ந் தேதி அவர் காலமானார்.

இன்னும் முடியாத கதை

அவர் மறைந்த பிறகும் வேலை தொடர்ந்தது. குடியிருப்பு மனையில் வாழும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே சொந்தமாக்க 1971-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. வீடு கட்டிக் கொடுக்க 1974-ல் தாட்கோ நிறுவனம் பிறந்தது. மனைகளுக்காக நிலம் எடுப்பதை எளிதாக்க 1978-ல் மற்றொரு சட்டம் வந்தது.

ஆனாலும் வழி நெடுகப் பூ விரித்திருக்கவில்லை. 1994-ல் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த காரணை கிராமத்தில் பஞ்சமி நிலம் கேட்டுப் போராட்டம் நடந்தது. அந்தப் போராட்டத்தில் இருவர் உயிர் இழந்தார்கள்.

இன்றும் திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகங்களில் மக்கள் மனுவோடு நிற்கிறார்கள். குறைதீர்க்கும் நாள் அது. அந்த மனுக்களில் வீட்டுமனைப் பட்டா கேட்கும் மனுக்களும் இருக்கின்றன.

பட்டா ஒரு துண்டுக் காகிதம்தான். ஆனால் அது கையில் இருந்தால் அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வர வேண்டியதில்லை. நாலு பேரோடு பேசிக்கொண்டே நடந்து வரலாம். என் வீடு இதுதான் என்று கை நீட்டிக் காட்டலாம்.