ரிவால்வரா, பிஸ்டலா? 4 விநாடிப் போட்டியும் கரோலி டகாக்ஸின் இடது கையும்

2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம்ம விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டி ஞாபகம் இருக்கா? அதே நகரத்தில், அதே போட்டியில், 1948-ல் தங்கம் வென்றவர் ஹங்கேரியின் கரோலி டகாக்ஸ். அவர் சுட்டது இடது கையால். ஆனால், பிறவியிலேயே அவர் வலது கைப் பழக்கம் உள்ளவர்!

யார் இவர்?

1910-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். ராணுவத்தில் சார்ஜென்ட். 1936-லேயே உலகத் தரமான ஷூட்டர். ஆனாலும் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை. காரணம், அதிகாரிகளை மட்டுமே அனுப்புவது என்ற ஹங்கேரி ராணுவ விதி. பிறகு அந்த விதி தளர்ந்தது. 1940 ஒலிம்பிக் அவருடைய இலக்கானது.

1938-ல் ராணுவப் பயிற்சியின்போது கையெறி குண்டு ஒன்று கையிலேயே வெடித்தது. சுடும் கையான வலது கை சிதைந்தது. வயது 28.

என்ன துப்பாக்கி அது?

அவருடைய போட்டியில் பயன்படுவது .22 ரிம்ஃபயர் தோட்டா. அடிப்பாகத்தின் விளிம்பில் அடித்தால் தீப்பற்றும் சின்னத் தோட்டா. அதிர்வு குறைவு, விலையும் குறைவு. இதைச் சுட ரிவால்வரும் உண்டு, அரை தானியங்கி பிஸ்டலும் உண்டு.

ரிவால்வரின் பலம் எளிமை. ஒரு தோட்டா வெடிக்கலையா? ட்ரிக்கரை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்துடும். ஆனால், அந்த ஒரே இழுப்புதான் உருளையைச் சுழற்றி, சுத்தியலையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதனால் ட்ரிக்கர் கனமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலை இழுத்துவிட்டால் ட்ரிக்கர் லேசாகும். ஆனால், பிடி மாறிடும், நேரமும் போகும்.

பிஸ்டலில், சுட்ட தோட்டாவின் விசையே காலி உறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். பிடி மாறாது, ட்ரிக்கர் லேசு. குறை என்னன்னா, தோட்டா சரியில்லை என்றால் நடுவில் சிக்கிக்கொள்ளும். எந்த பிராண்டு ஒத்துப்போகும் என்று சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிதானமாகக் குறிபார்த்துச் சுட இரண்டுமே போதும். ஆனால், ரேபிட் ஃபயரின் கடினமான சுற்றில் 5 இலக்குகளுக்கு 5 குண்டுகள், மொத்தம் 4 விநாடிகள்தான். அங்கே பிஸ்டல்தான். 1936 பெர்லின் போட்டியிலேயே வால்தர் நிறுவனத்தின் 'ஒலிம்பியா' பிஸ்டல் பெயர் வாங்கிவிட்டது.

கையை எப்படி மாற்றினார்?

இந்தப் போட்டியில் எல்லோருமே ஒரு கையால்தான் சுட வேண்டும். ஒரு கை இருந்தாலே சரிசமமாகப் போட்டியிடலாம். டகாக்ஸுக்கு இருந்த வழி இதுதான்.

ஆனால், கருவி பாதி வேலையைத்தான் செய்யும். இலக்கு விட்டு இலக்கு கையை நகர்த்துவது, நடுங்காமல் ட்ரிக்கரை அழுத்துவது எல்லாம் மனுஷன் பழகணும். ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் இடது கையால் பயிற்சியைத் தொடங்கினார்.

1939-ல் தேசியப் போட்டிக்கு வந்தவரைப் பார்த்து, வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து மற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அவர் போட்டியிட்டார், ஜெயித்தார்.

இரண்டு தங்கம்

உலகப் போரால் 1940, 1944 ஒலிம்பிக்குகள் ரத்து. 1948-ல் லண்டன் போனபோது அவருக்கு வயது 38. அப்போதைய உலக சாம்பியன், அர்ஜென்டினாவின் சான்ஸ் வாலியண்டே. அங்கே எதற்காக வந்திருக்கிறார் என்று அவர் கேட்டதற்கு, கற்றுக்கொள்ள வந்ததாக டகாக்ஸ் சொன்னாராம். முடிவு: டகாக்ஸ் 580 புள்ளிகள், உலக சாதனை. வாலியண்டே 571.

1952 ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம், 579 புள்ளிகள். ஒரே ஒரு புள்ளி பின்னால் வெள்ளி வாங்கியவர் அவருடைய சீடர் சிலார்ட் குன். 1956 மெல்போர்னில் 8-வது இடம். லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்ற டகாக்ஸ் 1976-ல் மறைந்தார்.

எந்தத் துப்பாக்கி என்பதை 4 விநாடிக் கணக்கே முடிவு செய்துவிட்டது. எந்தக் கை என்பதை மட்டும், 28 வயதில், அவரே முடிவு செய்ய வேண்டியிருந்தது.