வில்லியம் லாம்ப்டன்

வில்லியம் லாம்ப்டன் (அண். 1753 – சனவரி 20, 1823) என்பவர் பிரித்தானியப் படை அலுவலரும் நில அளவையாளரும் ஆவார். 1802 ஆம் ஆண்டு சென்னையில் இவர் தொடங்கிய முக்கோண நில அளவைப் பணியே பின்னர் இந்தியாவின் பெரும் முக்கோணவியல் அளவை எனப் பெயர் பெற்றது. இப்பணியின் அடிக்கோடுகளுள் ஒன்று கொங்கு நாட்டில் பல்லடம் அருகே அளக்கப்பட்டது.

இளமை

லாம்ப்டன் இங்கிலாந்தின் வட யார்க்சயரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். 33 ஆம் காலாட்படையில் சேர்ந்து வட அமெரிக்காவில் பணியாற்றிய பின்னர் இந்தியா வந்தார். 1799 இல் நடந்த நான்காம் மைசூர்ப் போரில் கலந்துகொண்டார். போர் முடிந்ததும், தீபகற்பத்தின் இரு கடற்கரைகளையும் இணைக்கும் துல்லியமான அளவையை மேற்கொள்ளும் திட்டத்தை முன்வைத்தார். நிலப்படம் வரைவதோடு புவியின் வடிவத்தைக் கண்டறிவதும் அவரது நோக்கமாக இருந்தது.

அளவை முறை

முக்கோண அளவையில் ஒரு பக்கத்தின் நீளம் மட்டுமே நேரடியாக அளக்கப்படும். ஏனையவை கோணங்களைக் கொண்டு கணக்கிடப்படும். ஆதலால் அந்த முதற்கோட்டில் நேரும் சிறு பிழையும் நூற்றுக்கணக்கான மைல்களுக்குத் தொடரும். பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் அடிக்கோட்டை அளக்க 1802 ஏப்ரல் முதல் மே வரை சுமார் ஆறு வாரங்கள் ஆயின.

இதற்கு 100 அடி நீளமும் 40 கண்ணிகளும் கொண்ட எஃகுச் சங்கிலி பயன்பட்டது. அத்தகைய சங்கிலி ஒரு பாகை செல்சியசு வெப்பம் கூடினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நீளும். எனவே சங்கிலி மரப்பெட்டிகளில் கிடத்தப்பட்டு, கூடார நிழலில் காக்கப்பட்டது. வெப்பமானிகள் காட்டிய அளவுக்கேற்ப நீளம் திருத்தப்பட்டது. வேறொரு சங்கிலி அளவைக்குப் பயன்படுத்தப்படாமல் ஒப்பீட்டுக்காகவே வைக்கப்பட்டிருந்தது.

1804 இல் பெங்களூரில் அளந்த அடிக்கோடு, முந்தைய பணிக்குச் சோதனையாக அமைந்தது. சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியே கணக்கிட்ட நீளத்துக்கும் நேரடியாக அளந்த நீளத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு 4 அங்குலத்துக்கும் குறைவே. கடற்கரை முதல் கடற்கரை வரை தீபகற்பத்தின் அகலம், பழைய படங்களில் காட்டப்பட்டதைவிடச் சுமார் 40 மைல் குறைவு என்பதும் இப்பணியால் தெரியவந்தது.

கொங்கு நாட்டில்

78 பாகை நெடுங்கோட்டை ஒட்டித் தெற்கு வடக்காகச் செல்லும் பெரு வில்லின் பகுதியாக, 1806 இல் பல்லடம் பகுதியில் ஓர் அடிக்கோடு அளக்கப்பட்டது. சமவெளியும் அதனிடையே சென்னிமலை போலத் தனித்து எழும் குன்றுகளும் கொண்டது இந்நிலப்பகுதி. அடிக்கோட்டுக்குச் சமவெளியும், தொலைநோக்குக்கு உயரமான இடங்களும் தேவைப்படும் முறைக்கு இத்தகைய நில அமைப்பு ஏற்றதாகும்.

ஆங்கில ஏடுகளில் புட்சப்பாலியம் என எழுதப்பட்ட இடத்தில் விண்மீன்களை நோக்கி அகலாங்கு கணிக்கப்பட்டது. அதன் அகலாங்கு ஏறத்தாழ 10 பாகை 59 கலை 42 விகலை ஆகும். இது பெரு வில்லின் முதன்மை நிலையங்களுள் ஒன்று. பெங்களூர் அருகேயுள்ள தொட்டகுண்டாவில் கணக்கு ஒத்துவராதபோது, நிலத்தடியிலுள்ள அடர்த்தியான பொருள் தூக்குக்குண்டை விலகச்செய்திருக்கலாம் என லாம்ப்டன் கருதினார்.

தஞ்சாவூர் விபத்து

அரை டன் எடையுள்ள இவரது பெரிய தியோடலைட்டு, இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலால் கைப்பற்றப்பட்டு, மொரீசியசுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பின்னர் திருப்பித் தரப்பட்டது. 1808 இல் தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணம் காட்டும் வட்டம் நெளிந்தது. வட்டம் நெளிந்தால் எல்லாக் கோணங்களும் பிழையாகும் என்பதால், லாம்ப்டன் கருவியைப் பிரித்து ஆறு வாரங்களில் தாமே சீர்செய்தார்.

இறுதிக் காலம்

1818 இல் இப்பணிக்குப் பெரும் முக்கோணவியல் அளவை என்னும் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் சார்ச்சு எவரெசுட்டு இவருடைய தலைமை உதவியாளராக நியமிக்கப்பட்டார். ஏறத்தாழ 70 ஆவது அகவையில், அளவைப் பணியின்போதே, இன்றைய மகாராட்டிராவிலுள்ள இங்கன்காட்டில் லாம்ப்டன் காலமானார். எவரெசுட்டு பணியை இமயமலை அடிவாரம் வரை கொண்டுசென்றார்.

பிற்காலத் தொடர்ச்சி

அளக்கும் கருவியை முதலில் அளந்தறியும் இவ்வழக்கம் நிலவை வரைவதிலும் தொடர்கிறது. 2008 அக்டோபர் 22 இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 இன் நிலவரைவு ஒளிப்படக்கருவி, 5 மீட்டர் நுணுக்கத்தில் முன், நேர், பின் ஆகிய மூன்று கோணங்களில் படமெடுத்தது. இத்தகைய கருவிகளின் ஒளி உணர்திறனும் வில்லைகளின் வடிவப் பிழையும் அறியப்பட்டாலன்றி, படங்களிலிருந்து உயரங்களைச் சரியாகக் கணிக்க இயலாது. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை, கொங்கு நாட்டின் கோதவாடியில் பிறந்தவர்.