சைக்கிள் தந்த செம்மல் ஏ.எம்.எம். முருகப்பச் செட்டியார்



வாழைத்தார், பால் கேன், புல்லுக்கட்டு என்று நம்ம கம்பம் பள்ளத்தாக்கின் பாரத்தையெல்லாம் சுமந்தது ஹெர்குலிஸ் சைக்கிள் கேரியர். அந்தச் சைக்கிளைத் தமிழ் மண்ணிலேயே செய்ய வழிவகுத்தவர்தான் ஏ.எம்.எம். முருகப்பச் செட்டியார்.

இவர் 1902-ல் பிறந்தார். காரைக்குடி பக்கத்திலுள்ள பள்ளத்தூர் இவர்கள் குடும்பத்தின் ஊர். தந்தையார் திவான் பகதூர் முருகப்பச் செட்டியார் பர்மாவில் வட்டித்தொழில் செய்தவர். பணத்தைக் கடன் கொடுத்து வாழ்ந்த குடும்பம், பிறகு தொழிற்சாலை பக்கம் திரும்பியது. நாடு விடுதலை பெற்றபின், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு கைகோத்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் உருவானது. சென்னை அம்பத்தூரில் 1951 முதல் ஹெர்குலிஸ் தயாரானது. சைக்கிளுக்கு வேண்டிய குழாயையும் இங்கேயே செய்ய, 1955-ல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது.

மெக்கானிக்கல் மாணவர்களான நாம் அந்தப் பழைய வண்டியின் பிரேக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கணும். அது கம்பி பிரேக். பிடியை அழுத்தினால் கம்பிகள் இழுபட்டு, இரண்டு கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தில் உரசும். அறுந்துபோக அதில் வயர் கிடையாது. எந்த ஊர் சைக்கிள் கடையிலும் ஒரு ஸ்பேனரை வைத்தே சரி செய்யலாம். சமதளத்துக்கு அது போதும்.

ஆனால் சுற்றுலா மூட்டையோடு குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கோ, போடிமெட்டிலிருந்து போடிக்கோ இறங்கினால் கதை வேறு. நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும். பெண்டு விழுந்த ரிம்மில் சரியாகப் பிடிக்காது. நம்ம உயிர் அந்த ரப்பர் துண்டுகளிடம்தான் இருக்கிறது! மலைக்கு அலுமினிய ரிம்மும், அதை இருபுறமும் கவ்வும் வயர் பிரேக்கும் நல்லது. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி பிரேக் கட்டாயம் வேண்டும். ஒரு வயரைக் கூடுதலாகப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். இடையிடையே நின்று ஆறவிட வேண்டும். டிஸ்க் பிரேக்கில் ரிம் சூடாகாது, மழையிலும் பிடிக்கும். ஆனால் போகிற வழியில் அதற்குப் பாகமும் பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் உண்டா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

ஆக, பிரேக்கைத் தேர்ந்தெடுக்க இரண்டே கேள்விகள்தான். பாரத்தோடு இறங்கும்போது வண்டியை நிறுத்துமா? நடுவழியில் கெட்டால் சரி செய்ய முடியுமா?

கம்பி பிரேக் இவர் கண்டுபிடித்ததல்ல. அது இங்கிலாந்திலிருந்து வந்த வடிவம். கடல் கடந்து வந்துகொண்டிருந்த பொருளை நம்ம தொழிலாளர் கையாலேயே செய்யவைத்ததுதான் இவருடைய சாதனை. அதனால்தான் பட்டிதொட்டிக் கடைகளிலும் அதற்குப் பாகம் கிடைத்தது என்றால் மிகையாகாது.

1965-ல் செட்டியார் மறைந்தார். ஆவடியில் இவர்கள் குடும்பத்தின் பெயரில் ஒரு பாலிடெக்னிக்கும் இருக்கிறது. அங்கும் நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்களே படிக்கிறார்கள். நாளை நாம் எதை வடிவமைத்தாலும், அது ஓடப்போகும் ரோட்டையும் அதைப் பழுது பார்க்கப்போகும் கடைக்காரரையும் முதலில் நினைப்போம்.

வாழ்க அவர் புகழ்!

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்