கழற்றிப் பூட்டிய மேதை ஜி.டி. நாயுடு



தி.நகரில் இருக்கும் என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு, அவன் மாமா அமெரிக்காவிலிருந்து ஒரு மாடல் கார் பெட்டி வாங்கி வந்தார். உள்ளே இருந்தது 1969-ஆம் வருட டாட்ஜ் சார்ஜர். நிஜத்தில் ஐந்து மீட்டருக்கும் நீளமான வண்டி. 25-இல் ஒரு பங்கு அளவில் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். பிளாஸ்டிக் சட்டங்களில் நம்பர் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் உதிரிகளை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்து ஒட்ட வேண்டும். கூடவே படம் போட்ட வழிமுறைத் தாளும் உண்டு.

அதில் உள்ளபடி செய்தால் போதாது என்றான் நண்பன். பின்பக்கத்தைத் தூக்கி, தடித்த டயர் மாட்டி, பானட்டில் ஓட்டை போட்டு எஞ்சின் வெளியே தெரிய வைக்கணுமாம். அதெல்லாம் நன்றாகவே வந்தது. ஆனால் அவசரத்தில் கண்ணாடி பொருத்துவதற்கு முன்பே பாடியைச் சேஸிஸோடு ஒட்டிவிட்டோம். மறுபடி பிரிக்கும்போது ஒரு பக்கத் தூண் முறிந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டே எங்களுக்கு இந்தக் கதி!

அன்று ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தவர்தான் கோவை ஜி.டி. நாயுடு. அவர் கையில் தாளே கிடையாது.

1893 மார்ச் 23-ஆம் தேதி, கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்றது. வாலிப வயதில், ஊர்ப்பக்கம் வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் ஒரு வண்டி தானாக ஓடுகிறதே! அந்த ஆச்சரியம் அவரை விடவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். காசு சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார்.

வேறொருவராக இருந்தால் ஊரைச் சுற்றி வந்திருப்பார். இவர் அக்கக்காகக் கழற்றிப் போட்டார். எது எதோடு சேர்கிறது, எதற்கு முன்னால் எது போக வேண்டும் என்று தானே பார்த்துப் பார்த்துத் திரும்பப் பூட்டினார். நாயுடு மெக்கானிக் ஆனது அப்படித்தான்.

ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கைகொடுக்க, 1920-இல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ்தான் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. உலர் மின்கலத்தில் ஓடும் 'ரேசன்ட்' சவர ரேசரை உருவாக்கினார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, பீளமேட்டில் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். கோவையில் பின்னால் பெருகிய மோட்டார், பம்பு தொழிலுக்கு அது ஒரு பிள்ளையார் சுழி.

டிப்ளமோ படிக்கும் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். பள்ளியையே தாண்டாத இந்த மனிதர் 1945-இல் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கக் காரணமாக இருந்தார், முதல்வராகவும் இருந்தார். சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர்தான் கோவையில் இன்றும் 'ஹோப் காலேஜ்' பஸ் ஸ்டாப்பாக நிற்கிறது. பொறியியலை நான்கு வருஷம் இழுக்கத் தேவையில்லை, பாதிக் காலத்தில் பட்டறையிலேயே கற்றுத்தரலாம் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு வெளியேறினார். கல்லூரி பின்னாளில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக ஆனது.

அவர் சொன்னது முழுக்கச் சரியா? எனக்குச் சந்தேகம்தான். கணக்கும் தியரியும் இல்லாமல் இன்றைக்குப் பாலம் கட்ட முடியாது. எல்லாருக்கும் நாயுடுவின் கண் வாய்க்காது. ஆனால் வொர்க்‌ஷாப் பீரியடில் ரெக்கார்டு நோட்டை மட்டும் பார்த்துக் காப்பி அடிக்கும் நமக்கு, அவர் கேள்வி உறைக்கத்தான் வேண்டும்.

தோல்வியும் அவருக்குப் புதிதல்ல. 1936 தேர்தலில் நின்று தோற்றார். 1952-இல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2000 ரூபாய்தான். தயாரிக்க அரசு உரிமம் கிடைக்கவில்லை. நடுத்தரக் குடும்பத்து வாசலில் நின்றிருக்க வேண்டிய கார், கதையாகவே நின்றுவிட்டது. நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. ஒரு வண்டியைச் செய்வதற்குத் திறமை போதும். அதை ரோட்டுக்குக் கொண்டுவர இன்னும் பலர் மனசு வைக்கணும் போலிருக்கிறது.

1974 ஜனவரி 4-ஆம் தேதி நாயுடு மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தைப் பார்க்க, டூர் போகும்போது ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

நண்பனின் சார்ஜர் இப்போது அவன் வீட்டு ஷெல்பில் நிற்கிறது. முறிந்த தூணை ஒட்டிய தழும்பு கிட்டே போனால் தெரியும். பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாமே என்றேன். வேண்டாம், அதைப் பார்த்தால்தான் அடுத்த தடவை வரிசை தப்பாது என்றான். நாயுடு இருந்திருந்தால் அவனைச் சேர்த்துக்கொண்டிருப்பார்!

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்